மருமகள் சொன்ன குளம்

பிப்ரவரி 6

அன்புள்ள மருமகளுக்கு,

மாமா எழுதுகிறேன். நீ அனுப்பிய போர்வையும் காலுறையும் வந்து சேர்ந்தன. காலுறை உன் வீட்டுக்காரன் அளவுக்கு வாங்கியது போலிருக்கிறது, ஒன்றுக்குள்ளேயே என் இரண்டு காலும் போகும். ஆனாலும் அதைப் போட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். போனில் பேசினால் என்ன என்று என் பிள்ளை கேட்பான். போனைக் கிட்டே கொண்டுபோனாலே என் காதுக் கருவி கத்த ஆரம்பிக்கிறது. அவன் பேசுவதில் பாதி எனக்குக் கேட்பதில்லை, மீதிப் பாதியை அவன் பேசுவதே இல்லை. எனக்கு உன் கடிதம் போதும்.

இடுப்பில் அறுவை செய்த இடம் ஆறிவிட்டது. மார்பளவு தண்ணீரில் தினமும் நடந்தால்தான் கைத்தடியை விடலாம் என்கிறார் டாக்டர். அதற்கான நீச்சல் குளம் இருப்பதோ டவுனில். ஆயுசு பூராவும் நான் பஸ் ஓட்டிய அதே வழியில் இப்போது காலையில் ஒரு பஸ், சாயங்காலம் ஒரு பஸ். அரை மணி தண்ணீரில் நடக்க ஒரு பகல் முழுக்க டவுனில் உட்கார்ந்திருக்க வேண்டியிருக்கிறது. அதனால் வாரம் ஒரு தடவைதான் போகிறேன். அது யானைப் பசிக்குச் சோளப்பொரி கதைதான்.

கீழ் அறையை எனக்காக ஒழித்து வைத்திருப்பதாகவும், நீ வேலை பார்க்கும் குளம் பக்கத்துத் தெருவிலேயே இருப்பதாகவும் எழுதியிருந்தாய். எல்லாம் நியாயம்தான், மறுக்க என்னிடம் ஒரு காரணமும் இல்லை. ஆனால் யாராவது கைத்தாங்கலாகப் பிடித்து வர, உன் வீட்டு வாசலில் வந்து இறங்க எனக்கு மனசு வரவில்லை அம்மா. கோடை வரைக்கும் பொறு. அதற்குள் நடை சரியாகாவிட்டால் வீட்டைப் பூட்டிக்கொண்டு வந்துவிடுகிறேன். இது வாக்கு.

இங்கே ஊரெல்லாம் ஒரே பேச்சு. மூடிப்போன செங்கல் சூளையின் நிலம் ஊர்மன்றத்தின் கைக்கு வந்திருக்கிறது, அதில் நமக்கென்று ஒரு நீச்சல் குளம் கட்டினால் என்ன என்று முடிவெட்டும் கடையில் பேசுகிறார்கள், ரொட்டிக் கடையில் பேசுகிறார்கள். கூட்டத்துக்கு வந்தால் மட்டும் ஒருத்தரும் வாயைத் திறப்பதில்லை. இந்த ஊரின் வழக்கம் உனக்குத் தெரியாதே. கூட்டத்தில் ஒரு காரியத்தை யார் முதலில் சொல்கிறாரோ அவர்தான் அதைப் பராமரிக்க வேண்டும், இன்னொருத்தர் தானாக முன்வந்து வாங்கிக்கொள்ளும் வரைக்கும். இதுவரை ஒருத்தரும் வாங்கிக்கொண்டதாகச் சரித்திரம் இல்லை. பஸ் நிறுத்தத்தில் உட்கார பெஞ்சு வேண்டும் என்று என்றைக்கோ சொல்லிவிட்ட ரொட்டிக் கடைக்காரர் இன்றைக்கும் வருஷா வருஷம் அதற்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருக்கிறார்.

தண்ணீர் சங்கதி தெரிந்தவள் நீ ஒருத்திதான். இவ்வளவு சின்ன ஊருக்குக் குளம் கட்டுப்படியாகுமா, ஆகாதா? எழுது.

உன் மாமா


பிப்ரவரி 20

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். காலுறையை வாங்கியது உங்கள் பிள்ளை. அளவைக் கேட்டதற்கு, "எங்கப்பா பெரிய ஆளு" என்றார். உங்களைச் சின்ன வயதில் கீழேயிருந்து அண்ணாந்து பார்த்த கணக்கு போலிருக்கிறது.

குளம் வேண்டுமா வேண்டாமா என்று போயும் போயும் என்னிடமா கேட்கிறீர்கள்? உங்களுக்கு அங்கேயே குளம் வந்துவிட்டால் நீங்கள் இங்கே வரமாட்டீர்கள். கட்டுப்படியாகாது என்று ஒரே வரியில் எழுதிவிடலாம் என்றுதான் பேனாவை எடுத்தேன். எழுதியும் விட்டேன். அப்புறம் எங்கள் குளத்தில் காலை நேரத்துக்கு வரும் வயதானவர்களைப் பார்த்தேன். ஏணியில் இறங்கும்போது பல்லைக் கடித்துக்கொண்டு இறங்குகிறவர்கள், தண்ணீருக்குள் போனதும் கூட வந்தவரோடு வம்பளக்க ஆரம்பித்துவிடுகிறார்கள். அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன்.

கட்டலாம் மாமா. ஆனால் டவுனைப் பார்த்துச் சூடு போட்டுக்கொள்ளக் கூடாது. தாண்டிக் குதிக்க மேடை, சறுக்கு மரம் எல்லாம் வேண்டாம். ஒரு பக்கம் இடுப்பளவு, மறுபக்கம் கழுத்தளவு போதும். ஏணி வேண்டவே வேண்டாம், கைப்பிடி வைத்த அகலமான படிதான் வேண்டும். வெட்டிக் கட்டுவது பெரிய காரியம் இல்லை, அதற்கு அரசாங்கத்திலும் உதவி கிடைக்கும். தினமும் யார் பார்த்துக்கொள்வது என்பதில்தான் பல ஊர்க் குளம் பாசி பிடித்துக் கிடக்கிறது.

கோடையில் தண்ணீருக்கு எங்கே போவது என்று கேட்பார்கள். தண்ணீரைத் தினமும் மாற்றுவதாக எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். மாற்றுவதில்லை. அதே தண்ணீர்தான் மணல் வடிகட்டி வழியாகச் சுற்றிச் சுற்றி வருகிறது. வெயிலில் ஆவியாகிப் போவதுதான் நஷ்டம், ராத்திரியில் மேலே ஒரு விரிப்பை இழுத்து மூடினால் அதிலும் பெரும்பகுதியைக் காப்பாற்றலாம். குளத்தில் மூக்கைத் துளைக்கிற வாடை வந்தால் குளோரின் மருந்தை அள்ளிக் கொட்டிவிட்டார்கள் என்று அர்த்தமில்லை, ஜனங்கள் குளிக்காமல் இறங்கியிருக்கிறார்கள் என்று அர்த்தம். அதனால் முதலில் குளியல், பிறகுதான் குளம். இதில் தாட்சண்யமே கூடாது.

பிரயோஜனப்படும் என்றால் இதைக் கூட்டத்தில் வாசித்துக் காட்டுங்கள். ஆனால் கோடை வாக்கு வாக்குதான், சொல்லிவிட்டேன்.

உங்கள் அன்பு மருமகள்


மார்ச் 15

அன்புள்ள மருமகளுக்கு,

உன்னை ஒரு வம்பில் மாட்டிவிட்டிருக்கிறேன். உட்கார்ந்துகொண்டு படி.

கூட்டத்தில் உன் கடிதத்தை வாசித்தேன். நானாக ஒன்றும் சொல்லவில்லை, வாசிக்கத்தானே செய்கிறோம், வழக்கம் நம்மைப் பிடிக்காது என்ற தைரியம் எனக்கு. மன்றத் தலைவி, அந்த இரும்புக் கடை அம்மா, மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டார். கிழித்துப் போட்ட தாளைப் பற்றி நீ எழுதியிருந்ததையும் விடாமல் வாசித்தேன், சிலர் சிரித்தார்கள். தக்காளிக்காரர் மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். இந்த ஊரில் அதிகமாகத் தக்காளி போடுகிறவர் அவர்தான், தண்ணீர் என்று வந்துவிட்டால் கூடப்பிறந்தவரையும் நம்பமாட்டார்.

வாசித்து முடித்ததும் தலைவி, "சரி, இதைச் சொன்னது யாருன்னு எழுதிக்கறது?" என்றார்.

"நான் ஒண்ணும் சொல்லலையே, படிக்கத்தானே செஞ்சேன்," என்றேன்.

முடிவெட்டுகிறவர் எழுந்தார். "அப்ப எழுதினவங்கதான் சொன்னவங்க. மருமக பேரை எழுதிக்குங்க."

அதற்குள் தக்காளிக்காரர் குறுக்கே பாய்ந்தார். "அந்தப் பொண்ணு இந்த ஊரே கிடையாது. நாலு தடவை வந்துட்டுப் போயிருக்கும். வெளியாள் சொன்னா செல்லாது."

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். உன் தலை தப்பும், குளப் பேச்சு அத்தோடு முடியும், கோடையில் நானும் உன் வீட்டுக்கு வந்து சேர்ந்துவிடுவேன். அந்த ஒரு வார்த்தை எனக்கு வரவில்லை. தடியை ஊன்றி எழுந்து, "என் மருமக வெளியாள்னா என் வீடும் இந்த ஊர்ல இல்லைன்னு எழுதிக்குங்க" என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. காது கேட்காதவன் பேச்சு அப்படித்தான் இருக்கும்.

"உக்காருங்க அண்ணே," என்றார் தலைவி. "அவங்க நம்ம ஊர் மருமகதான். எழுதியாச்சு."

கை தூக்கச் சொன்னார்கள். வேண்டும் என்றவர்கள்தான் அதிகம். உன் சார்பில் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அங்கேயே சொல்லிவிட்டேன், நீ வேலையை விட்டுவிட்டு இங்கே வந்து உட்கார முடியுமா? ஆகவே கோடையில் நான் வருவதற்கில்லை. கொடுத்த வாக்கை மீறுகிறேன். என் மேல் கோபித்துக்கொள்ள உனக்கு எல்லா உரிமையும் உண்டு.

உன் மாமா


ஏப்ரல் 2

அன்புள்ள மாமாவுக்கு,

கோபித்துக்கொள்ளச் சொன்னீர்கள், கோபித்துக்கொண்டேன். ஒரு நாள் பூராவும் யாரிடமும் பேசவில்லை. உங்கள் பிள்ளைக்கு அதில் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. மறுநாள் பம்பு அறையில் உட்கார்ந்து கடிதத்தை மறுபடி படித்தேன். நல்லவேளை, அங்கே மோட்டார் சத்தத்தில் ஒருத்தர் அழுவது இன்னொருத்தருக்குக் கேட்காது.

எங்கள் கல்யாணத்தன்று பதிவு அலுவலகத்தில் என் பக்கம் சாட்சிக் கையெழுத்துப் போட ஒரு ஆள் இல்லை. என் அப்பா வரமாட்டார் என்பது தெரிந்ததுதான், கடைசி நேரத்தில் என் தோழியும் வரவில்லை. நீங்கள் இரண்டு டிரிப்புக்கு நடுவில் காக்கிச் சட்டையோடு ஓடி வந்தீர்கள். வெளியே பஸ்ஸில் ஜனங்கள் உட்கார்ந்திருந்தார்கள். பேனாவை வாங்கி, பிள்ளையின் பக்கம் போடாமல் என் பக்கத்தில் போட்டீர்கள். "அவனுக்கு நாலு பேர் இருக்காங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். அன்றைக்கு உங்களுக்கு நன்றி சொல்ல நேரமில்லை. அப்புறம் எத்தனையோ தடவை நேரம் இருந்தது, வாய்தான் வரவில்லை. இப்போது ஊர்க் கூட்டத்திலும் அதையே செய்திருக்கிறீர்கள். நன்றி மாமா. இரண்டுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்தக் கீழ் அறையை உங்கள் இடுப்புக்காக ஒழித்ததாகத்தான் எல்லோரிடமும் சொன்னேன். உண்மை அதுவல்ல. வேலை முடிந்து வந்தால் வீடு அமைதியாக இருக்கிறது. உங்கள் பிள்ளை நல்லவர், ஆனால் அவருடைய ஒரு நாள் பேச்சைத் தீப்பெட்டிக்குள் அடைத்துவிடலாம். எனக்கென்று பெரியவர் ஒருத்தர் வீட்டில் உட்கார்ந்து, ஏன் இவ்வளவு நேரம் என்று என்னை அதட்ட வேண்டும் என்று ஆசையாக இருந்தது. இடுப்பைக் காட்டி உங்களை இழுத்துவிடலாம் என்று பார்த்தேன். நடக்கவில்லை. பரவாயில்லை.

பம்பு பொருத்தும்போது லீவு போட்டுவிட்டு வருகிறேன். என் பெயரில் எழுதிய குளத்தில் பாசி பிடிக்கவிட மாட்டேன். நான் வரும்வரை நீங்கள் அந்தக் குழிப் பக்கம் போகக் கூடாது. போனீர்கள் என்று தெரிந்தால் தலைவி அம்மாவுக்கு எழுதுவேன், இப்போது அவர் எனக்கும் தலைவிதானே.

உங்கள் மருமகள்


அடுத்த ஆண்டு, செப்டம்பர் 11

அன்புள்ள மருமகளுக்கு,

நீ குளத் திறப்புக்கு வந்துவிட்டுப் போன பிறகு நடந்ததையெல்லாம் வரிசையாகச் சொல்கிறேன்.

குளத்துக்கு மன்றம் ஏதோ நீளமாக ஒரு பெயர் வைத்துப் பலகை மாட்டியது. அந்தப் பெயர் ஒருத்தர் வாயிலும் நுழையவில்லை. "மருமகள் குளத்துக்குப் போறேன்" என்றுதான் சொல்கிறார்கள். நீ எழுதிக்கொடுத்தபடி காலையிலும் சாயங்காலமும் தண்ணீரைச் சோதித்தேன், டாக்டர் சொன்னபடி தினமும் அரை மணி அதில் நடந்தேன். குளிக்காமல் இறங்க வந்த முடிவெட்டுகிறவரை இரண்டு தடவை திருப்பி அனுப்பினேன். முன்பெல்லாம் பஸ் படியில் தொங்கியவர்களை அதட்டிய அதே குரல் இங்கேயும் கைகொடுத்தது. ரொட்டிக் கடைக்காரரின் சம்சாரம் வாழ்க்கையில் முதல் தடவையாக மிதந்துவிட்டு, மேலே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு உன்னிடம் நன்றி சொல்லச் சொன்னாள். சொல்லிவிட்டேன்.

தக்காளிக்காரர் தினமும் வேலிக்கு வெளியே நின்று என்னைக் கவனித்துக்கொண்டிருந்தார். ராத்திரி விரிப்பை நான் இழுத்து மூடும் அழகைப் பார்த்து அவருக்கு வயிறு எரிந்திருக்கிறது. மூலையில் இரண்டு சாண் திறந்து கிடக்கிறதாம், அது வழியாக ஊர்த் தண்ணீரெல்லாம் ஆவியாகிப் போகிறதாம். போன மாதக் கூட்டத்தில் எழுந்து, "இவர் கையில விட்டா ஒரு சொட்டு மிஞ்சாது. குளத்தை நானே பாத்துக்கறேன், எழுதிக்குங்க" என்றார். கூட்டத்தில் ஊசி விழுந்தால் கேட்கும், எனக்கே கேட்டிருக்கும். இந்த ஊரில் ஒருத்தர் தானாக வந்து இன்னொருத்தர் பாரத்தை வாங்கிக்கொண்டது இதுதான் முதல் தடவை. அது என்னைத் திட்டுவதற்காக நடந்தது என்பது வேறு விஷயம். நான் எழுந்துபோய் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

எழுந்து போனேன் என்றேனே, தடி நாற்காலியிலேயே இருந்தது. பாதி தூரம் போன பிறகுதான் எனக்கே தெரிந்தது.

உன் பழைய கடிதத்துக்கு நான் இதுவரை பதில் எழுதவில்லை. அந்த அறையைப் பற்றி நீ எழுதியதற்கு என்ன எழுதுவதென்று தெரியாமல் மடித்து வைத்துவிட்டேன். திறப்புக்கு வந்தபோது நீயும் கேட்கவில்லை. நீ ஆசைப்பட்டது ஒரு மாமனாருக்கு, நானோ நோயாளியாகத்தான் வர வேண்டியிருக்குமே என்று பயந்துகொண்டிருந்தேன். பெற்ற பிள்ளை வீட்டில் என்ன வெட்கம் என்பார்கள். அவனிடம் எனக்கு வெட்கம் கிடையாது. உன்னிடம் இருந்தது.

இப்போது இல்லை. வீட்டுச் சாவியை இரும்புக் கடை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். வருகிற சனிக்கிழமை காலை பஸ்ஸில் கிளம்பி, டவுனில் ரயில் ஏறுகிறேன். எத்தனை நாள் இருப்பீர்கள் என்று கேட்காதே, உனக்குச் சலிக்கும் வரைக்கும் இருப்பேன். அதட்ட ஆள் வேண்டும் என்றாயே, அந்த வேலைக்கு இந்த ஊரில் என்னைவிட்டால் ஆள் இல்லை.

எனக்குப் பெண் பிள்ளை இல்லை. அந்தக் குறையை நான் யாரிடமும் சொன்னதில்லை. நீ வந்த பிறகு சொல்ல அவசியமும் இருக்கவில்லை. உனக்கு நான் ரொம்பக் கடமைப்பட்டிருக்கிறேன் அம்மா.

ரயிலடியில் என்னைத் தாங்கிப் பிடிக்க யாரும் வர வேண்டாம். நீ மட்டும் வந்து நில்.

உன் மாமா