பதினைந்து என்று சொன்னேன்

என் செல்லத்துக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்வாய் என்ற நம்பிக்கையில்தான் இருக்கிறோம். அப்பாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை, மாடி ஏறும்போது மட்டும் வீட்டுக்காரரைத் திட்டுகிறார். எனக்குத்தான் ஒரு வாரமாக ஓரிடத்தில் உட்கார முடியவில்லை, தைக்கிற சட்டையில் காஜாவை இடம் மாற்றிப் போடுகிறேன், பிரிக்கிறேன், மறுபடி போடுகிறேன்.

நம் கடைக்கு எதிரே தைப்பாளே, நீகூடப் பென்சில் என்று பேர் வைத்தாயே, அவள் கணவனுக்கு இடுப்பில் ஆபரேஷன். கடையை மூடிவிட்டு மகன் வீட்டோடு போகிறாள், துணியோரம் அடிக்கிற ஓவர்லாக் மெஷினை விற்கிறாள் என்று கேள்விப்பட்டுப் போனேன். நாற்பதாயிரம் சொன்னாள், நியாயமான விலைதான். நான் மெஷினைச் சுற்றிச் சுற்றி வந்து, பெல்ட் தளர்ந்திருக்கிறது, சத்தம் வருகிறது என்று இல்லாத குறையெல்லாம் சொல்லி, வாய் கூசாமல் பதினைந்து என்றேன். அவள் முப்பத்தைந்துக்கு இறங்குவாள், நான் கொஞ்சம் ஏறுவேன், முப்பதில் முடியும் என்று என் கணக்கு. அவளோ மெஷினை ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு, "சரிக்கா, எடுத்துக்குங்க" என்றாள். எனக்குத் திக்கென்றது. அப்போதே கூட்டிச் சொல்லியிருக்கலாம், மடியில் வந்து விழுந்ததை விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை. மறுநாள் எண்ணெய் போட்டுத் துடைத்து, எந்தத் துணிக்கு எந்த ஊசி என்று எழுதியும் கொடுத்தனுப்பினாள்.

அப்பா, "வித்தவளே சரின்னுட்டா, உனக்கென்ன குடைச்சல்?" என்றார். மூன்றாம் நாள் பொறுக்கமாட்டாமல் மீதி இருபத்தைந்தையும் எடுத்துக்கொண்டு ஓடினேன். மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். வாங்கிக்கொண்டாள், கோபப்படவில்லை. "முந்தாநாளே குடுத்திருக்கக் கூடாதாக்கா? தொழில் தெரிஞ்ச நீங்களே பதினஞ்சுன்னதும், நம்ம சாமானுக்கு அவ்வளவுதான் மதிப்புன்னு நெனச்சு, தையல் மெஷின் ரெண்டையும் பழைய சாமான்காரன் கேட்ட விலைக்கே தள்ளிவிட்டுட்டேன்" என்றாள். அவன் கடைக்கு ஓடினேன், அன்று காலையே இரண்டும் கைமாறிவிட்டனவாம். நேற்று அவர்கள் கிளம்பிப் போய்விட்டார்கள்.

நீ அங்கே எதை வாங்கினாலும், யாரை வேலைக்குப் பேசினாலும், அடிமாட்டு விலைக்குக் கேட்காதே கண்ணு. அவர்கள் சரி என்று சொல்லிவிட்டால் என்ன செய்வாய்?

நோய்நொடி இல்லாமல் நிறைவாக இரு. பல் டாக்டரைப் பார்க்கத் தள்ளிப்போடாதே.

உன் நினைப்பாகவே இருக்கும்
அம்மா