சீசாவில் ஒரு சிட்டிகை

விருத்தாசலம்
12-2-68

என் கூடப்பிறந்த சக்கரபாணிக்கு அக்கா எழுதுவது.

இந்தக் கடிதத்தோடு ஒரு சீசாவும் உன் கைக்கு வந்திருக்கும். மாமாவின் நெஞ்சுக்குள் குழாய் விட்டுக் கிள்ளி எடுத்த சதை அது. உளுத்தம்பருப்பு அளவுகூட இல்லை. "மெட்ராசுல காட்டுங்க, புத்துநோயா இல்லையான்னு அவங்கதான் சொல்லணும்" என்றுவிட்டார் டாக்டர். அந்தப் பரிசோதனைக் கூடத்திலேயே உனக்கு வேலை கிடைத்தது நம் நல்ல காலம். என் கொழுந்தன் நடராசனிடம், வழியில் டீ குடிக்கக்கூட இறங்கக் கூடாது, சீசா மடியிலேயே இருக்கட்டும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

பதினாலு வருஷம் பீங்கான் பட்டறையில் கல் அரைத்தவர், தம்பி. இருமினால் துண்டில் ரத்தம். "வெறும் தூசிடி, பயப்படாத" என்கிறார். நீயும் தூசி என்றே எழுது. வேறு எதையும் எழுதிவிடாதே.

பெரியநாயகி


சென்னை
26-2-68

அக்காவுக்கு வணக்கம்.

நீ கேட்டபடியே வந்துவிட்டது! சதை நசுங்கிப்போனதால் அணுக்கள் ஈர மையைத் துடைத்த மாதிரி இழுபட்டுத் தெரிகின்றன. ஆனால் மைக்ராஸ்கோப்பில் எங்கே பார்த்தாலும் மினுக்கும் துகள்கள். பீங்கான் பட்டறைக்காரர் என்று சீட்டில் பார்த்ததும் பெரிய டாக்டர், "கல் தூசிதான், புற்றுநோய்க்கு அடையாளம் இல்லை" என்று எழுதிவிட்டார். இனி மாமாவைப் பட்டறைப் பக்கம் விடாதே.

சதையை மெழுகுக் கட்டியில் புதைத்துச் சீவித்தான் பார்ப்போம். மீதியை அவர் பெயர் எழுதி அலமாரியில் வைத்திருக்கிறேன்.

சக்கரபாணி


விருத்தாசலம்
19-6-68

தம்பிக்கு,

உன் கடிதத்தை மாமா சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கருவேப்பிலங்குறிச்சி வரைக்கும் போய் எல்லாருக்கும் படித்துக் காட்டினார். இன்று அதே சட்டை அவர் மேல் தொங்குகிறது. குரல் கம்மிவிட்டது. கழுத்தில் நெல்லிக்காய் அளவில் கட்டி. தூசி கழுத்தில் கட்டியாக வருமா? நாலு மாதமாக எட்டிப் பார்க்கவில்லையே என்று உன்னைக் கேட்கவில்லை. இதை மட்டும் கேட்கிறேன். மறுபடி ஒருமுறை பார்.

அக்கா


சென்னை
27-6-68

அக்கா,

பார்த்தேன். துகள்கள் சதைக்குள் இல்லை, மேலே ஒட்டிக்கொண்டிருக்கின்றன. நெஞ்சில் பல வருஷம் கிடந்த தூசி அப்படி இருக்காது. இது பிறகு விழுந்தது. சீசா வந்த அன்றே, சதை ஊறிய மருந்துத் தண்ணீர் வெள்ளையாகக் கலங்கியிருந்தது. பழைய மருந்து வெள்ளையாகப் படிவது வழக்கம்தானே என்று நான் விட்டுவிட்டேன். சீசாவை யாராவது திறந்தார்களா? மாமாவை உடனே அழைத்து வா. தயவு செய்து தாமதிக்காதே.

சக்கரபாணி


விருத்தாசலம்
1-7-68

தம்பி,

நான்தான் திறந்தேன். நடராசனைப் பஸ் ஏற்றுவதற்கு முன்னால் சீசாவைப் பழமலைநாதர் சன்னிதிக்குக் கொண்டு போனேன். குருக்கள் திருநீறு கொடுத்தார். இத்தனை நாள் அதை அவர் நெற்றியில்தான் பூசினேன். நோய் உள்ளே இருக்க நெற்றியில் பூசி என்ன ஆகப்போகிறது என்று அன்றைக்குத் தோன்றியது. அவர் நெஞ்சிலேயே ஒரு துளி என் கையில் இருந்தது. மூடியைத் திறந்து ஒரு சிட்டிகை போட்டுக் குலுக்கினேன். சாமி உள்ளே போய்விட்டது என்று சந்தோஷமாக வூட்டுக்கு வந்தேன்.

ஐயோ, என்ன காரியம் செய்துவிட்டேன்! என் திருநீற்றைத்தான் அவர்கள் கல் தூசி என்று எழுதினார்களா? மழுப்பாமல் சொல்.

அக்கா


சென்னை
4-7-68

அக்கா,

சதையை நசுக்கியது என் இடுக்கி. சீசாவிலிருந்து எடுக்கும் அவசரத்தில் அழுத்திப் பிடித்தேன். இந்த மாதிரிப் புற்றுநோயின் அணுக்கள் ரொம்ப மிருது, கொஞ்சம் அழுத்தினாலே குழைந்துபோகும். நசுங்காமல் இருந்திருந்தால் எவ்வளவு திருநீறு கிடந்தாலும் டாக்டர் கண்டுபிடித்திருப்பார். தப்பு என்னுடையது. சனிக்கிழமை வருகிறேன். கழுத்துக் கட்டியில் சதை எடுத்துப் பார்த்துவிட்டு, கட்டி கரைய ஆஸ்பத்திரியில் கரண்ட் வைக்கலாம். மாமாவிடம் நானே சொல்கிறேன், நீ வாயைத் திறக்காதே.

சக்கரபாணி


விருத்தாசலம்
2-9-68

சக்கரபாணிக்கு,

கருமாதி முடிந்தது. எல்லா வேலையையும் நீதான் இழுத்துப் போட்டுக்கொண்டு செய்தாய். ஆனால் என் முகத்தைப் பார்க்காமலே பஸ் ஏறிவிட்டாய்.

உன் இடுக்கியா, என் சிட்டிகையா என்று இனிமேல் எழுதாதே. கடைசி வாரத்தில் நானே அவரிடம் சொல்லிவிட்டேன். சிரித்தார். இருமல் வந்தது, இருமி முடித்துவிட்டுச் சொன்னார்: "நாலு மாசம் எனக்கு ஒண்ணுமில்லன்னு ஊரெல்லாம் சொல்லிகினு திரிஞ்சேனே, அது நீ போட்ட திருநீறுதான்டி." ஒரு வார்த்தை திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். இதைத் தாங்க முடியவில்லை, தம்பி.

மணிமுத்தாற்றில் போட்ட எலும்பு கல்லாகிவிடும் என்பார்கள். போட்டாயிற்று. ஆனால் அவர் முழுசாகப் போகவில்லை. ஒரு துண்டு இன்னும் உன் அலமாரியில், மெழுகுக்குள், பெயரோடு கிடக்கிறது. கேட்டு வாங்கு, கொடுக்காவிட்டால் திருடிக்கொண்டு வா. அதையும் நீயே ஆற்றில் விடு.

என்னிடம் கொடுக்காதே. என் கை அதில் மறுபடி படக்கூடாது.

அக்கா