சராசரியை இறக்கியவர்

அம்மாவுக்கு மகளின் வணக்கம். உன் முழங்கால் வலி தேவலையா? எனக்கு வெறும் சளிதான்.

சிரிப்பாக ஒன்று சொல்கிறேன், அப்பாவிடம் படித்துக் காட்டாதே. ஆராய்ச்சி நிதிக்கான விண்ணப்பத்தில், ஒவ்வொரு கட்டுரைக்கும் பக்கத்தில் அது வெளிவந்த இதழின் மதிப்பெண்ணை எழுதி, கடைசியில் சராசரி போட வேண்டும்; பெரிய இதழென்றால் மதிப்பெண் கூடுதல். அப்பாவின் நுரையீரலைப் பற்றி நான் எழுதியது சின்ன இதழில்தானே வந்தது. எங்கள் பேராசிரியர் மேலோட்டமாகப் புரட்டிவிட்டு அதைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டார்.

"இது சராசரிய இறக்குதும்மா. ஒரே ஒரு நோயாளி, அதுவும் பாதியில நிக்குது. அந்த ஆள் சாகுற வரைக்கும் எழுதியிருந்தா பெரிய இதழ்லயே போட்டிருப்பாங்க."

அந்த ஆள் யாரென்று அவருக்குத் தெரியாது. நானும் தலையாட்டிவிட்டு வந்தேன்.

கம்பளிக் காலுறை அனுப்பு. நேரமாகிவிட்டது, ஆய்வகத்தைப் பூட்டப்போகிறார்கள். அப்பாவின் இருமலைப் பற்றி மட்டும் இனி எழுதாதே அம்மா. படிக்கும்போதே என் கை குறிப்பெடுக்கத் தொடங்கிவிடுகிறது.