முக்கூடலில் எந்தத் தெரு

ஆவணி கடைசி ஞாயிறு

நாலு பேர் பழக்கம் கிடைத்தால் தொழிலுக்கு ஆகும் என்றுதான் இளம் தொழில்முனைவோர் குழுவில் சேர்ந்தேன். இன்று காலை எல்லாரும் தாமிரபரணியில் இறங்கி, குளிக்க வந்தவர்கள் ஆற்றோடு விட்டுப்போன பழைய துணிகளை வாரினோம். கரையேறியதும், வீட்டு பிளான் போடும் அலுவலகம் வைத்திருக்கிறேன் என்று தலைவரிடம் விசிட்டிங் கார்டை நீட்டினேன். அவர் அதைப் பார்க்கவே இல்லை.

"தம்பிக்கு எந்த ஊரு?"

"முக்கூடல், அண்ணாச்சி."

"முக்கூடல்ல எந்தத் தெரு?"

இந்தக் கேள்வி எதற்கென்று இங்கே பிறந்த எவனுக்கும் தெரியும். அப்பா வெள்ளையடிக்கப் போகிற தெருவின் பெயரைச் சொல்லிவிட்டேன். வாய் கூசவில்லை, த்தூ.

"ஏலே, நம்ம ஆளா நீ! மொதல்லயே சொல்லப்படாதா? என் புதுக் கடைக்கு பிளானு நீதான் போடுத."

தோளில் கை போட்டு போட்டோவும் எடுத்துக்கொண்டார். நானும் பல்லைக் காட்டினேன். கிளம்பும்போது, "அடுத்த ஞாயித்துக்கெழம வீட்டுக்கு வாரேன், அப்பாவப் பாக்கணும்" என்றார்.

அந்தத் தெருவில் அப்பாவைத் தெரியாதவர்கள் யாரும் இல்லை. ஒரு வீட்டிலும் அவரை உட்காரச் சொன்னதில்லை.