தீர்த்தப் பொடியும் ஏழாம் நம்பர் பாட்டிலும்

7-2-75, வெள்ளி

பனி. ஸ்டேஷன் விளக்கே தெரியவில்லை. வண்டி திருநின்றவூர் தாண்டியதும் பையிலிருந்து நம்பர் 4 பாட்டில். காதுக்குப் பின்னால் இரண்டு சொட்டு. அதற்கு முன் போடுவதில்லை, ஊர்க்காரர்கள் யாராவது ஏறியிருப்பார்கள். கோயில் கைங்கரியக் குடும்பத்துப் பிள்ளை செண்ட் போடுகிறான் என்று பேச்சு கிளம்பினால் போச்சு.

பேசின் பிரிட்ஜில் மாறி, கும்மிடிப்பூண்டி போய்ச் சேர 9.10. ஆலை ஸ்டோர்ஸில் மூட்டை தூக்கும் முனுசாமி பக்கத்தில் வந்து மூச்சை இழுத்துப் பார்த்தான். "இன்னா சாமி, இன்னிக்கு வேற வாசனையா கீது? நேத்து போட்டுகினு வந்ததுதான் ஷோக்கா இருந்துச்சு."

ரசிகன். அவன் மச்சானுக்குத் துறைமுகத்தில் வேலை. கப்பல் அதிகாரிகள் பாதியில் விட்டுப்போன பழைய பாட்டில்கள் அப்படித்தான் வருகின்றன. மற்றவை மூர் மார்க்கெட் பழைய சாமான் கடைகளில். புதிது எனக்கு ஒத்துவராது. கிடந்து கிடந்து ஊறிய சரக்கு வேண்டும். இதுவரை பதினொன்று.

மாலை ஆலைக் குழாயடியில் சீயக்காய் போட்டுக் கழுத்தைத் தேய்த்தேன். முழுதும் போகவில்லை. அப்பா எதிரில் உட்கார்ந்துதான் சாப்பிட்டேன். ஒன்றும் கேட்கவில்லை. இந்த ஒரு வருடமாகவே கேட்பதில்லை. தெரிந்தும் விட்டுக்கொடுக்கிறார் போல.

8-2, சனி

சட்டைப் பொத்தான் ஒன்று காணோம்.

வண்டியில் பின் பெஞ்சில் இரண்டு பெண்கள்.

"போன அமாவாசைக்கு வந்து தீர்த்தம் வாங்குனேன்க்கா. வெறும் தண்ணி. முன்னெல்லாம் தொண்ட வரிக்கும் கம்முனு எறங்கும்."

"இப்ப யாரு நல்லதா போடறாங்க, வுடு."

காது எரிந்தது. தீர்த்தத்தில் கலக்கும் பொடி எங்கள் வீட்டில் அரைப்பது. நாற்பது வருடமாக அப்பா கை.

ராத்திரிச் சாப்பாட்டில் அண்ணாவும் அதையே எடுத்தான். சந்நிதியில் தீர்த்தம் கொடுப்பவன் அவன், பேச்சு வாங்குபவனும் அவன். "தை அமாவாசை ஒண்ணு பார்க்கறேன்ப்பா. மறுபடி யாராவது சொன்னா, பொடியை நானே அரைச்சுக்கறேன்." அப்பா மோர் ஊற்றிக்கொண்டார். அந்த அம்மிக்குழவியைப் பிடுங்கிவிட்டால் அவருக்கு நாளில் வேறு என்ன இருக்கிறது? அண்ணா மேல் கோபம். சொல்லத் தைரியமில்லை.

9-2, ஞாயிறு

மண்ணெண்ணெய், முகச்சவர பிளேடு, பொத்தான்.

அண்ணா, மன்னி கடைத்தெருவுக்குப் போன நேரம் பாட்டில் பெட்டியைத் திறந்தேன். நம்பர் 2 ஆவியாகிக்கொண்டே வருகிறது, மூடி சரியில்லை. நம்பர் 7தான் ராஜா. பழுப்புக் கண்ணாடி, லேபிள் போய்விட்டது. தோல், புகையிலை, கருகிய கட்டை. கைக்குட்டையில் ஒரு சொட்டு விட்டால் இரண்டு துவைப்பு தாங்கும். திறந்தால் கூடமே காட்டிக்கொடுத்துவிடும், அதனால் திறக்கவில்லை. மனசு எதிலும் நிற்கவில்லை. பெட்டியை மூடினேன், திறந்தேன், மூடினேன்.

10-2, திங்கள்

லீவு. நாளை அமாவாசைக்கு இன்றே ஊரில் கூட்டம்.

அப்பா முற்றத்தில் அரைத்தார். மூக்கையும் வாயையும் சேர்த்துத் துணி கட்டிக்கொண்டு. பெருமாளுக்கு முன்னால் மனுஷ மூக்கு அந்த வாசனையை எடுத்துவிடக் கூடாது. மோந்த பூவும் ஆகாது, மோந்த பொடியும் ஆகாது. பால் குடிக்கும்போதே எனக்குச் சொல்லிவைத்த விஷயம்.

பித்தளைச் சம்புடத்தைக் கொடுத்து, சந்நிதியில் சேர்க்கச் சொன்னார். தெருமுனைகூடத் தாண்டவில்லை. கை தானாக மூடியைத் திறந்தது, மூக்கு தானாகக் குனிந்தது. பாட்டில் கையில் வந்தால் செய்வேனே, அதே மாதிரி. சனியன் பிடித்த பழக்கம்.

ஏலம். கிராம்பு. ஜாதிக்காய். பச்சைக் கற்பூரம் இல்லை. துளிகூட இல்லை.

திரும்பி வந்து அலமாரியைப் பார்த்தேன். கற்பூர டப்பா வாய் வரை நிறைந்து அப்படியே. பக்கத்தில் கற்கண்டு டப்பாவில் கரண்டி. இரண்டும் வெள்ளை, இரண்டும் பளபளப்பு. அப்பாவுக்குக் கண் மங்கிவிட்டது, பாவம்.

சும்மா கொண்டுபோய்க் கொடுத்தால் நாளை ஊரே வெறும் தண்ணி என்னும், அண்ணா குழவியை வாங்கிக்கொள்வான். அதோடு நான் மோந்ததைப் பெருமாளுக்குக் கொடுத்த பாவமும். சொன்னால் மோந்தேன் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். முற்றத்துக்கும் வாசலுக்குமாக நாலு நடை நடந்தேன்.

சொல்லிவிட்டேன்.

"மோந்து பார்த்தயா?"

"ஆமாம்ப்பா."

"ஏன்டா?"

"பழக்கதோஷம்."

அடித்திருந்தால் தேவலை. சம்புடத்தை வாங்கித் தென்னை மரத்தடியில் கொட்டினார். கழுவினார். மறுபடி ஏலம் எடுத்தார். "எதிர்ல உட்காரு. துணியைக் கட்டிக்கோ. டப்பாவை எடுத்துக் கொடு."

ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தேன். அண்ணாவுக்குத் தெரியாது.

11-2, செவ்வாய், தை அமாவாசை

லீவு நீட்டினேன். குளத்தைச் சுற்றித் தலைதான். வேண்டுதலுக்குக் குளத்தில் வெல்லம் கரைக்க வந்த ஒரு பெரியவர் தீர்த்தம் வாங்கிக் குடித்துவிட்டு, ஈரக் கையை மூக்கில் வைத்துக்கொண்டார். "இப்பதான்யா கோயில் தீர்த்தம்." அண்ணா அப்பாவைத் திரும்பிப் பார்த்தான். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

செண்ட் எதுவும் போடவில்லை. அரிப்பாகத்தான் இருந்தது.

12-2, புதன்

வெயில். கண் டாக்டரிடம் போகலாம்ப்பா என்றேன், வேலைக்குக் கிளம்பும் முன். "கண்ணெல்லாம் நன்னாத்தான் இருக்கு" என்றார். பிறகு, "அந்தப் பெட்டியைக் கொண்டா."

பிடிபட்டேன். குழாயடியில் கொட்டச் சொல்வார் என்று நினைத்துக் கொண்டுவந்து வைத்தேன். தெருக்கதவைச் சாத்தினார். "இதுல ரொம்ப காட்டமானது எது?"

நம்பர் 7. மூடியைத் திருகி எடுத்துவிட்டு, பாட்டிலைக் கையில் கொடுத்தேன். கூடம் முழுக்கத் தோலும் புகையிலையும். மன்னி உள்ளிருந்து இருமினாள்.

எதையும் மோந்து பார்க்காத மனிதர், பாட்டிலை மூக்குக்கு ஒட்டிப் பிடித்துக்கொண்டார். கண்ணை மூடி நன்றாக இழுத்தார். இன்னொரு தரம் இழுத்தார்.

"கோபு, மூடியைத் திறந்துட்டயோல்லியோ?"