ரிஜிஸ்தரில் இரண்டு சுவிசேஷமுத்து

சங்கரன்கோவில்
13-3-84, செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் இன்பத்துக்கு அப்பா எழுதுவது.

கர்த்தர் தயவில் நானும் உன் அம்மாவும் இங்கே நல்ல சுகம். அங்கே நீயும் மாப்பிள்ளை ஜெயசிங்கும் பிள்ளைகளும் அந்தப் பனியிலும் சுகமாக இருக்கவேண்டும் என்று கேட்டுத்தான் எங்கள் காலை ஜெபமே தொடங்குகிறது. நீ அனுப்பிய வாழ்த்து அட்டையும் முழுக்கை ஸ்வெட்டரும் போன வாரம் வந்து சேர்ந்தன. இந்த ஊர் மார்ச் வெயிலில் ஸ்வெட்டர் போட்டுத் தெருவில் நடந்தால் கல்லெறிவார்கள், ஆனாலும் மகள் அனுப்பியதாயிற்றே என்று மின்விசிறிக்கு நேர் கீழே நின்று ஒரு தடவை போட்டுப் பார்த்தேன், உன் அம்மா செம்மறிக்கிடா மாதிரி இருக்கிறது என்றாள். அட்டையில் அறுபது என்று தங்க எழுத்தில் போட்டிருக்கிறது. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம், வேலையெல்லாம் முடிந்து உட்கார்ந்து வாசி.

உன் ஆஸ்பத்திரியில் படுத்திருந்த வெள்ளைக்காரக் கிழவி கோயில் புத்தகங்களைப் பார்த்தே தன் குடும்பத்தை எட்டுத் தலைமுறை எழுதி எடுத்தாள், நமக்கும் அப்படி எழுதவேண்டும் என்று கட்டம் போட்ட தாளை அனுப்பியிருந்தாய். தீபாவளிக்கு முன்னால் வந்த தாள். பிறகு மூன்று கடிதத்தில் ஞாபகப்படுத்தினாய். நானும் மூன்று பதில் எழுதினேன், கோயில் போதகர் ஐயர் ஊரில் இல்லை, பீரோ சாவியைக் காணவில்லை, பழைய ரிஜிஸ்தரைக் கரையான் தின்றுவிட்டது என்று. மூன்றும் பொய். கரையானுக்குப் பேச வாய் இருந்தால் என்மேல் மானநஷ்ட வழக்குப் போட்டிருக்கும். உன் அம்மாதான் பிள்ளை இத்தனை தடவை கேட்கிறாளே, உங்களுக்கு என்ன கேடு என்று பிடித்துத் தள்ளினாள், போன புதன்கிழமை லெந்து நோன்பு ஆரம்ப ஆராதனை முடிந்ததும் ஐயர் வீட்டுக்குப் போனேன்.

நம் ஐயர் சுந்தரராஜை உனக்குத் தெரியாது, நீ போன பிறகு மாறுதலாகி வந்தவர், உன்னைவிட இரண்டு மூன்று வயதுதான் மூப்பு. கரிவலம் ரோட்டில் இருக்கிற நம் பூர்வீக ஊர்க் கோயிலின் பழைய ரிஜிஸ்தர்கள் எல்லாம் சேகரத்துக் கோயில்களுக்கெல்லாம் பொறுப்பான ஐயர் வீட்டில் இரும்புப் பீரோவில்தான் இருக்கின்றன. அதைப் பார்ப்பது போலீஸ் கச்சேரியில் கைதியைப் பார்க்கிற மாதிரி. யாருடைய பெயரைத் தேடுகிறோம், என்ன உறவு என்று விண்ணப்பம் எழுதிக் கொடுக்கவேண்டும், புத்தகம் அறையைவிட்டு வெளியே போகாது, பக்கத்தை அவரே புரட்டுவார், மற்றக் குடும்பத்தார் வரிகள் நம் கண்ணில் படாமல் மேலே ஒரு தாளை வைத்து மறைத்துக்கொண்டு நம் வரியை மட்டும் காட்டுவார். நல்ல பழக்கம்தான், ஊரார் சங்கதி நமக்கு எதற்கு. முதலில் எல்லாம் சந்தோஷமாகத்தான் போனது. என் தாத்தாவுக்குத் தாத்தா மூக்காண்டி என்கிறவர் 1858-ல் ஞானஸ்நானம் வாங்கி வேதமாணிக்கம் ஆனார், தொழில் உழவு, சாட்சிக்குக் கைநாட்டு. அவர் கைநாட்டைப் பார்த்ததும் எனக்கே கண் கலங்கிவிட்டது. ஐயர் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டி என் அப்பா காலத்துக்கு வந்தார். 1924 பக்கத்தில் தாளை நகர்த்தினார், வாசித்தார், நாலைந்து பக்கம் தள்ளி 1926-லும் நகர்த்தினார். திரும்ப முந்தின பக்கத்துக்குப் போனார். அண்ணாச்சி, சுவிசேஷமுத்து ரெண்டு இருக்குல்லா, அப்பா பேரும் ஒண்ணு அம்மா பேரும் ஒண்ணு, இதுல நீங்க யாரு என்று கேட்டார்.

இன்பம், முப்பத்தெட்டு வருஷம் பஸ்ஸில் கண்டக்டர் வேலை பார்த்தவன் நான். எத்தனை பேர் வயதில் பொய் சொல்லி என்னிடம் அரை டிக்கெட் கேட்டிருப்பார்கள், ஒருவரையாவது விட்டிருப்பேனா. இதே சுந்தரராஜ் ஐயர் பையனாக இருந்தபோது சிவகிரி பஸ்ஸில் அவர் அம்மா பத்து வயசுதான் ஆவுது கண்டக்டரே என்றதற்கு, பிள்ளைக்கு மீசை அரும்புது, சாமிக்குப் பயப்படும்மா என்று வண்டி முழுக்கக் கேட்கச் சத்தம் போட்டு முழு டிக்கெட் கிழித்தவன். அதை அவரே இங்கே வந்த புதிதில் சொல்லிச் சிரித்திருக்கிறார். இப்போது அந்தப் பையன் அங்கி போட்டுக்கொண்டு உட்கார்ந்து என் வயதைக் கேட்கிறார். கடைசியில் விரலை 1926-ல் வைத்து, நான் பின்னால உள்ளவன் ஐயா என்றேன். அவர் எழுந்துபோய் அடக்க ரிஜிஸ்தரைக் கொண்டுவந்து பிரித்தார். சுவிசேஷமுத்து, வயது ஒரு வருஷம் நாலு மாதம், பேதி, 1925 ஜூலை. ஒரே ஒரு வரி.

எனக்கு முன்னால் அண்ணன் ஒருவன் பிறந்து இறந்தான், அந்தப் பெயரையே எனக்கு வைத்தார்கள். இது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான், அந்தக் காலத்தில் பல வீட்டில் அப்படி வைப்பார்கள். தெரியாதது இனிமேல் சொல்கிறது. 1944-ல் யுத்த காலம், கரி போட்டு ஓட்டுகிற பஸ்ஸுக்குக் கண்டக்டர் வேண்டும் என்றார்கள், இருபது வயது நிரம்பியிருக்கவேண்டும். எனக்குப் பதினேழரை, எட்டாம் வகுப்போடு நின்று வீட்டில் சோற்றுக்குக் கேடாக இருந்தேன். என் அப்பா யோசித்தார். அண்ணன் பிறந்தது 1924 மார்ச் 12, உயிரோடு இருந்தால் அந்த வாரம் சரியாக இருபது. பெயரும் அதே பெயர், ஞானஸ்நான எழுத்து ஒன்று வாங்கினால் போதும். என் அம்மா அடுப்படியிலிருந்து எழுந்து வந்து, அவனுக்குன்னு ஒலகத்துல மிச்சம் இருக்கது அந்த ஒரு வரிதான், அதையும் பிச்சுக்கிட்டுப் போறியளா என்று கேட்டாள். செத்த பிள்ளைக்கு வயசு எதுக்கு, இருக்க பிள்ளைக்கு வேலை வேணும்லா என்றார் அப்பா. அவர்மேல் பழியைப் போட்டுத் தப்பிக்க எனக்கு ஆசைதான். ஆனால் எழுத்து கொடுக்கிற ஊர்க் கோயில் உபதேசியாரிடம் கைகட்டி நின்று எந்த வருஷம்லே என்று அவர் கேட்டதும் இருபத்துநாலு என்று சொன்னது என் வாய்தான்.

பஸ் கம்பெனிக் கணக்கப்பிள்ளை நம் கோயிலுக்கு வருகிறவர். அதனால் பொய்க்கு வருஷா வருஷம் தண்ணீர் ஊற்ற வேண்டியிருந்தது. மார்ச் 12 வருகிற வாரம் பிறந்தநாள்காரர்களை முன்னால் அழைத்து ஜெபம் பண்ணுகிறபோது நான் போய் முழங்காற்படியிட்டேன். என் அம்மா பாயசம் வைத்துக் கணக்கப்பிள்ளை வீட்டுக்கும் ஒரு தூக்குச்சட்டி கொடுத்துவிடுவாள். அவள் மட்டும் அன்றைக்கு ஒரு வாய் சாப்பிடமாட்டாள். கேட்டால் லெந்து என்பாள். லெந்தில் மற்ற நாள் எல்லாம் ஒருபொழுதாவது சாப்பிடுகிறவள் அந்த ஒரு நாள் மட்டும் ஏன் பட்டினி என்று எனக்குத் தெரியாமல் இல்லை, தெரியாத மாதிரி பாயசத்தைக் குடித்துவிட்டு டூட்டிக்குப் போனேன். பதினாறு வருஷம், அவள் சாகிறவரைக்கும். திருடனுக்குத் தேள் கொட்டிய கதையாக ரிட்டயராகும்போது எனக்கு இன்னும் இரண்டேகால் வருஷம் சர்வீஸ் பாக்கி, யாரிடம் போய்ச் சொல்லுவேன், வாயை மூடிக்கொண்டு மாலையை வாங்கிக்கொண்டு வந்தேன். அது எனக்கு வேண்டும்தான். அம்மா பட்டினிக்கு அது ஈடாகாது.

வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் சொன்னேன். முதலில் நம்பவில்லை. பிறகு விரல் விட்டு எண்ணினாள். அவள் 1925 செப்டம்பர், நான் 1926 ஜூலை. முப்பத்தஞ்சு வருசமா பெரியவுங்க பெரியவுங்கன்னு எல்லாத்துக்கும் தலையாட்டுனேனே, பத்து மாசம் இளையவனுக்கா கழுத்தை நீட்டுனேன் என்று ஆரம்பித்தாள், இனிமே என்னைய ஏட்டின்னு கூப்பிடக்கூடாது, அக்கான்னு கூப்பிடணும் என்று சட்டம் போட்டுவிட்டாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். கொஞ்ச நேரம் கழித்து அடுப்படியில் போய்ப் பார்த்தால் அழுதுகொண்டு இருக்கிறாள். அத்தை கையால எனக்கும் பதினோரு வருசம் அந்தப் பாயசத்தை ஊத்துனாவ, ஒரு வார்த்தை சொல்லலையே என்றாள்.

ஐயர் என்னைத் திட்டியிருந்தால் பரவாயில்லை. ஞாயித்துக்கிழமை லிஸ்டுல உங்க பேரு இருக்கு அண்ணாச்சி, அறுபதுன்னு கமிட்டியே எழுதிக் குடுத்திருக்கு, நான் எடுக்கவும் மாட்டேன் வாசிக்கவும் மாட்டேன், நீங்களே சொல்லுங்க என்று விட்டுவிட்டார். நாலு ராத்திரி தூக்கம் இல்லை. வயிற்றுவலி என்று படுத்துக்கொள்ளலாமா என்றும் நினைத்தேன், பழைய புத்தி. ஞாயிற்றுக்கிழமை பிறந்தநாள்காரர்களைக் கூப்பிட்டபோது எழுந்து போனேன். என்னோடு இரண்டு சின்னப்பிள்ளைகளும் ஒரு டீச்சரம்மாவும் நின்றார்கள். இந்த நாள் என்னுடையது இல்லை, என் அண்ணனுடையது, அவன் பேரும் சுவிசேஷமுத்து, ஒரு வருஷம் நாலு மாசம் இருந்தான், நாற்பது வருஷமாக அவன் நாளை நான் திருடி வேலையும் பார்த்து ஜெபமும் வாங்கிக்கொண்டேன், இன்றைக்கு அவனுக்காக ஸ்தோத்திரம் பண்ணுங்கள் என்றேன். எப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. ஐயர் கண்ணை மூடி அவன் பெயரைச் சொல்லி ஜெபித்தார். வெளியே வந்தபோது இரண்டு பேர் முகம் கொடுக்கவில்லை, ஒருத்தர் மட்டும் வே, அப்ப ஒமக்கு இன்னும் அறுபது ஆகலையா, குடுத்து வச்சவருவே என்றார். இரண்டும் எனக்கு வேண்டியதுதான்.

நேற்று 12-ம் தேதி. உன் அம்மா பாயசம் வைத்துப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்தாள். நான் சாப்பிடவில்லை. உன் அம்மாவும் சாப்பிடவில்லை.

உனக்குத்தான் நான் அதிகம் வெட்கப்படவேண்டும். சின்ன வயதில் நீ மார்க்கைத் திருத்திக் கையெழுத்துக்குக் கொண்டுவந்தாய் என்று இரண்டு நாள் உன்னோடு பேசாமல் இருந்தேனே, அது ஞாபகம் இருக்கிறதா. மாப்பிள்ளையிடம் இதை மறைக்கவேண்டாம். பேரப்பிள்ளைகளுக்கு எப்போது சொல்லலாம் என்று உனக்குத் தெரியும். ஸ்வெட்டரைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். இனி மார்ச்சில் அட்டை அனுப்பாதே. என் அம்மா எப்போதும் ஆடித்தபசுத் திருநாள் கழிஞ்சு மூணாம் நாள் பொறந்தவன் நீ என்பாள், ரிஜிஸ்தரிலும் ஜூலை 27 என்றே இருக்கிறது, அன்றைக்கு ஒரு வரி எழுதினால் போதும், ஐம்பத்தெட்டு என்று எழுது. குளிரில் ராத்திரி டூட்டிக்குப் போகும்போது காதைக் கட்டிக்கொள், பிள்ளைகளுக்குத் தமிழ் வாசிக்கச் சொல்லிக் கொடு. கர்த்தர் உங்கள் போக்கையும் வரவையும் காப்பாராக.

தாளை நிரப்பி இதோடு வைத்திருக்கிறேன், ஐயர் ஒவ்வொரு வரியையும் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். நீ அனுப்பிய தாளில் அப்பாவுக்கு ஒரு கட்டம்தான் இருந்தது. அதற்கு இடது பக்கத்தில் ஸ்கேல் வைத்து இன்னொரு கட்டம் கோடு போட்டேன். ஒரு கோடு கொஞ்சம் கோணல். அழித்துவிடாதே, அது உன் பெரியப்பா.

உன் அன்பு அப்பா,
சுவிசேஷமுத்து, இளையவன்