தங்கச்சியின் கல்வெட்டு

என் செல்ல மகளுக்கு,

உன் மாமி, என் தங்கச்சியின் முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்தது. அன்று வந்தவர்களுக்குக் கொடுத்த நினைவுக் கல்வெட்டுப் புத்தகத்தை இத்துடன் அனுப்புகிறேன். படம் நன்றாக விழுந்திருக்கிறது. உள்ளே இருக்கும் வாழ்க்கை வரலாற்றை நான்தான் எழுதினேன். சம்பந்தி வீட்டாரும் வாசிப்பார்கள் என்று யோசித்து எழுதினேன்.

பெரியமடு வீட்டுக்கு அன்று ஊன்றுகோலோடும் பொய்க்காலோடும் முப்பது பேர் வந்தார்கள். தங்கச்சியோடு இயக்கத்தில் இருந்தவர்கள். அவர்களுக்காக அவள் உதவிப்பணம் கேட்டுப் பதினைந்து வருடம் அரசாங்கக் கந்தோர் கந்தோராக ஏறி இறங்கினாள். "சண்டையில போன கால் எண்டே எழுதுங்கோ, என்ன வெக்கம்?" என்று பக்கத்தில் நின்று படிவம் நிரப்ப வைப்பாளாம்.

அவர்களில் ஒரு கை இல்லாத யசோதினி, கல்வெட்டை மடியில் வைத்து வாசித்தாள்.

"அண்ணை, அக்கா விறகுக்குப் போய் மிதிவெடியில கால் இழந்தவ எண்டு போட்டுக் கிடக்கு?"

அவள் கால் சண்டையில் போனதை மறைக்க, உன் கலியாணப் பேச்சில் மாப்பிள்ளை வீட்டுக்கு நான் சொன்ன கதை அது. கலியாணத்தன்று சம்பந்தியம்மா கேட்டபோது, தங்கச்சியும், "ஓம், விறகுக்குப் போனனான்" என்றாள். பிறகு அன்று முழுக்க என் முகத்தைப் பார்க்கவில்லை.

முப்பது பேரும் அவள் படத்தைக் கும்பிட்டுவிட்டு, சாப்பிட்டு, மரியாதையாகச் சொல்லிக்கொண்டுதான் போனார்கள். கல்வெட்டுகளைத் தாங்கள் இருந்த கதிரைகளிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டார்கள்.

உனக்கு அனுப்புவது யசோதினியின் கதிரையில் கிடந்தது. நாலாம் பக்கத்தில் அந்த வரியைப் பேனையால் வெட்டி, சண்டையில் போன கால் என்று திருத்தியிருக்கிறேன். தங்கச்சி இருக்கும்போதே திருத்தியிருக்க வேண்டும்.

அப்பா